உன் பெயர் போட்டு வந்த விலை

அணுசக்தி நகர்
2 மார்ச் 2025

அண்ணனுக்கு,

லதா எழுதுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். மதினி போனுக்கு அடித்தால், "அவிய வெளிய போயிருக்காவ" என்கிறாள். பின்னாலேயே உன் இருமல் கேட்கிறது. வெள்ளிக்கிழமை செம்பூரில் உன் ஆபீசுக்கே வந்தேன். உன் கூட்டாளி பைசான் அண்ணன் வாசலை மறித்து நின்றுகொண்டு, "செல்வம் இல்லையேம்மா" என்றார். அவர் காலடியில் உன் செருப்பு கிடந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதனால்தான் கடிதம். தாராவி முனிசிபல் பள்ளியில் நாம் தமிழ் படித்தது இதற்காவது உதவட்டும். உன் மகனுக்கும் என் மகளுக்கும் தமிழ் எழுத்துக்கூட்டக்கூட வராது. வீட்டில் எங்கே கிடந்தாலும் யாரும் படித்துவிட மாட்டார்கள்.

அந்த அரசாங்க ஆஸ்பத்திரி டென்டர் உனக்குக் கிடைக்கவில்லை. வாஷியில் இருக்கிற டீலர் கம்பெனிக்குப் போய்விட்டது. நீ எங்கள் கம்பெனி டேட்டாபேஸுக்குப் போட்ட விலையைவிட அவர்கள் போட்ட விலை குறைவு. ஒரே பொருள், ஒரே கம்பெனி, விலை போடுகிற மேஜையில் உன் தங்கச்சி. ஆகவே உன் விலையை நான் அவர்களுக்குச் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் வேண்டுமென்றே அவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தேன். இதுதானே உன் மனதில் இருப்பது? வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.

நான் செய்யவில்லை. அம்மா மேல் ஆணை. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. ஒரு டென்டர் வரப்போகிறது என்று எந்த டீலர் எங்கள் இணையதளத்தில் முதலில் பதிவு செய்கிறாரோ, அவருக்குத்தான் சிறப்பு விலை. பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் அட்டவணை விலை. வாஷிக்காரர்கள் நவம்பரிலேயே பதிந்துவிட்டார்கள். நீ ஜனவரியில் வந்தாய். அட்டவணை விலைதான் வரும். அதை மாற்ற என்னால் முடியாது, என் மேனேஜராலும் முடியாது.

டென்டர் முடிகிறவரை உன்னோடு தொழில் பற்றிப் பேச மாட்டேன் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நீ அதைத்தான் பேசுவாய், நானும் பதில் சொல்லித் தொலைப்பேன். அதனால்தான் தாராவிக்கு வருவதையே நிறுத்தினேன். அம்மாவிடம் மகளுக்குப் பரீட்சை என்று பொய் சொன்னேன்.

ஒன்றே ஒன்றைச் சொல். மற்ற வேலைகளுக்கெல்லாம் ஓடிப்போய்ப் பதிவு செய்கிறவன், இவ்வளவு பெரிய வேலைக்கு ஏன் செய்யவில்லை?

லதா

---

செம்பூர்
11 மார்ச் 2025

லதாவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் நானும் எழுதுகிறேன். செருப்பைப் பார்த்தாயா, நல்லது. உள்ளேதான் இருந்தேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து வரப் பிடிக்கவில்லை.

ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்கிறாய். நீ அங்கே இருந்தாய், அதனால் செய்யவில்லை. போதுமா?

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் ஒற்றை அறைக் கோலியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். மாநிலம் முழுக்கத் தாலுகா ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரத்தையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கப் போகிறார்கள், டென்டர் வரப்போகிறது, நயினார் சிஸ்டம்ஸும் போட்டியில் நிற்கப் போகிறது என்று. அப்பா பெயரில் ஆரம்பித்த கம்பெனி, முதல் பெரிய வேலை. நீ கேட்டுக்கொண்டே மீனைப் பிய்த்து மகளுக்கு ஊட்டினாய். "நல்லா வரட்டும்ண்ணே" என்றாய். விலை போடுகிற மேஜையில் இருக்கிற என் தங்கச்சி காதில் போட்டாயிற்று, இனி எனக்கு என்ன பதிவு வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். மடையன்தான். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

சலுகை கேட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு பைசா குறைத்துத் தா என்று எப்போதாவது கேட்டிருக்கிறேனா? நானும் பைசானும் வாரக்கணக்கில் உட்கார்ந்து மூன்று டேட்டாபேஸையும் ஒப்பிட்டோம். ஒன்று இலவசம், ஆனால் கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவது, அதற்கு ஆள் சம்பளம் எவ்வளவு. இன்னொன்று முதல் வருஷம் மலிவு, அடுத்த வருஷத்திலிருந்து பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது உன் கம்பெனி. பழைய வேலைகளுக்கு வந்த விலையை வைத்து ஐந்து வருஷத்துக்கும் கூட்டிப் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நின்றது. பைசான் சொன்னான், "மூணு பேர்ட்டயும் இன்னொரு ரவுண்டு பேரம் பேசுவோம்டா, எவனாவது இறங்குவான்." அப்போதுதான் உங்கள் விலைக் கடிதம் வந்தது. கீழே பார்த்தால் பிரேமலதா என்று உன் பெயர்.

அதைப் பார்த்ததும் மற்ற இரண்டையும் ஓரம்கட்டிவிட்டேன். "என் தங்கச்சி பேர் போட்டு வந்திருக்கு, இதுக்குக் கீழ எவனுக்கும் குடுக்க மாட்டா, பேரமெல்லாம் வேண்டாம்" என்று பைசானிடம் சொன்னேன். அவன் முனகினான். நான் கேட்கவில்லை. விலை கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. சரி, எல்லோருக்கும் இந்த வருஷம் ஏற்றியிருப்பார்கள், வாஷிக்காரனும் இதே விலையைத்தான் போடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

விலைக் கவரைத் திறந்த அன்று, திரையில் இரண்டு பேர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்கள். சர்வர், நாங்கள் குறைவு. ஆள் சம்பளம், நாங்கள் குறைவு. பயிற்சி, பராமரிப்பு, எல்லாவற்றிலும் நாங்கள்தான் குறைவு. டேட்டாபேஸ் என்ற ஒரே வரியில் போயிற்று. அந்த ஒரே வரி மொத்தத்தையும் சாப்பிட்டுவிட்டது. வாஷிக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பைசான் என்னைப் பார்க்கவே இல்லை.

இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல்லு. மற்ற டீலர்களுக்கெல்லாம் நீயே போன் போட்டு, "டென்டர் வருது, சீக்கிரம் பதிஞ்சிருங்க" என்று ஞாபகப்படுத்துவாயாமே? பைசானுக்கு உங்கள் ஆபீஸ் ஆள் ஒருவரே சொன்னார். அது உன் வேலையிலேயே ஒரு பகுதியாமே? உண்மையா?

ஒரே பொருளுக்கு இரண்டு பேருக்கு ஏன் இரண்டு விலை என்று கேட்டு உன் கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டேன். உன் பெயரை எழுதவில்லை.

மாரிசெல்வம்

---

அணுசக்தி நகர்
29 மார்ச் 2025

அண்ணனுக்கு,

என் பெயரை எழுதவில்லையாம். விலைக் கடிதத்தின் நகலை இணைத்து அனுப்பியிருக்கிறாய். அதன் கீழே என் பெயர்தான் இருக்கிறது. மும்பை மேஜை என்னுடையது, ஆகவே மெஷின் தானாக என் பெயரை அச்சடிக்கிறது. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் தொழில் செய்தாய்?

என்னை ஒரு அறையில் உட்கார வைத்து மூன்று பேர் கேட்டார்கள். மாரிசெல்வம் உங்களுக்கு என்ன உறவு? டென்டர் பற்றி அவரிடம் என்ன சொன்னீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நம்பாமல் என் போனை வாங்கி வாட்ஸாப்பைப் பார்த்தார்கள். நம் இருவருக்கும் நடுவில் நவம்பருக்குப் பிறகு, உன் மகன் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய கேக் படத்தைத் தவிர எதுவும் இல்லை. அதையும் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், உண்மைதான். எல்லா டீலருக்கும் நான் போன் செய்வேன். முகம் தெரியாத நாசிக் ஆளுக்குச் செய்வேன். என்னிடம் எரிந்து விழுகிற புனே ஆளுக்குக்கூடச் செய்வேன். நீ சாப்பாட்டில் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கும், வாஷிக்காரர்கள் பதிந்த நாளுக்கும் நடுவில் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க உன் நம்பரை எடுப்பேன், வைப்பேன். அண்ணனாகிவிட்டானே, நான் ஒரு வார்த்தை சொன்னாலும் அது சலுகையாகிவிடுமே என்று பயம். அதோடு, எத்தனை தடவை பதிந்தவன், இவனுக்கா ஞாபகப்படுத்த வேண்டும் என்றும் நினைத்தேன். வாஷி பதிவு ஸ்கிரீனில் வந்தபோது, இனி உனக்கு அட்டவணை விலைதான் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது என் மேனேஜர் சொன்னார்: "என்கிட்டச் சொல்லியிருந்தா வேற ஆளை விட்டு உங்க அண்ணனுக்கும் போன் போட வெச்சிருப்பேனே மேடம். எல்லாருக்கும் செய்யறதுதானே." அண்ணே, எனக்கு அது தோன்றவே இல்லை. உனக்கு மட்டும் தள்ளி நின்றால்தான் நேர்மை என்று நினைத்துவிட்டேன். நீ வேறு யாராவதாக இருந்திருந்தால் அந்த வேலை உனக்குக் கிடைத்திருக்கும்.

அதற்காக நான் அழாத நாள் இல்லை. ஆனால் நீயும் ஒரு போன் போட்டு, "ஏட்டி, இந்த விலை சரிதானா?" என்று கேட்காமல் நேரே புகார் எழுதினாயே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். பதில் எழுத வேண்டாம்.

லதா

---

செம்பூர்
19 ஜூன் 2025

லதா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல்தான் இருந்தேன்.

பைசான் தோஹாவுக்குப் போகிறான். அவன் மச்சான் ஏதோ வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறார். போகும்போது ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை. மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு, "பேரம் பேசியிருக்கலாம்டா" என்று மட்டும் சொன்னான். அவன் நாற்காலியை எடுத்துப் போட மனசில்லாமல் அப்படியே விட்டிருக்கிறேன். வேலை பார்த்த பையன்கள் இரண்டு பேரையும் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். வாஷிக்காரன் ஆள் அனுப்பினான், தன்னிடமே வேலைக்கு வரச் சொல்லி. ஆஸ்பத்திரி வேலையை எடுத்துவிட்டானே தவிர, அதைச் செய்ய ஆள் இல்லையாம். வந்தவனைப் படியிலேயே திருப்பி அனுப்பினேன்.

போன வாரம் செம்பூர் நாக்காவில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் நல்ல மனுஷர், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். உனக்கு வர வேண்டிய பிரமோஷனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். உன் அண்ணன் கம்பெனி எங்கள் டீலர் பட்டியலில் இருக்கிறவரை உன்னை மேலே போட முடியாது என்றார்களாமே. நீ எழுதவே இல்லையே லதா. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அம்மா ஞாயிறுதோறும் கேட்கிறாள். "ஏல, லதா எங்க? அவளுக்கு ஒடம்புக்கு என்னமும் பண்ணுதா? இல்ல, நீ என்னமும் சொல்லிட்டியா?" நான் மீன்சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்கென்று வால்துண்டை எடுத்து வைக்கிறாள். ராத்திரி அதை யாருக்கும் கொடுக்காமல் அவளே சாப்பிடுகிறாள். அவளுக்கு வால்துண்டு பிடிக்காது, உனக்குத் தெரியும்.

அவளுக்காகவாவது வா. நான் வேண்டுமானால் வெளியே போய்க்கொள்கிறேன்.

செல்வம்

---

அணுசக்தி நகர்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக எழுதுகிறேன். நேற்றுப் பேப்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது, பார்த்தாயா? அதே துறை, அடுத்தது மாவட்ட ஆஸ்பத்திரிகள். போனதைவிடப் பெரிய வேலை. நீ இன்றைக்கே எங்கள் தளத்தில் போய்ப் பதிந்துவிடு. இன்றைக்கே. சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம், டீ குடித்துவிட்டுச் செய்யலாம் என்று உட்கார்ந்துவிடாதே.

இதை நான் எப்படிச் சொல்கிறேன் என்று பயப்படாதே. நான் வேலையை விட்டுவிட்டேன். எங்கள் கம்பெனி என்று எழுதியது பழக்கம். வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. பிரமோஷனுக்காக இல்லை. நான் அந்த மேஜையில் இருக்கிறவரை உன் விலைக் கடிதம் ஒவ்வொன்றும் தலைமை ஆபீசுக்குப் போய் அனுமதி வாங்கி வர வேண்டும் என்று புது விதி போட்டார்கள். அதற்குள் எந்த டென்டரும் முடிந்துவிடும். உன் தங்கச்சி அங்கே இருப்பதால்தான் நீ தோற்றுக்கொண்டே இருப்பாய். அது எனக்கு வேண்டாம். இனி அங்கே உனக்கு உறவு என்று யாரும் இல்லை. எல்லா டீலரையும்போல நீயும் நிற்கலாம்.

உன் மாப்பிள்ளைக்குக் கல்பாக்கத்தில் இடம் இருக்கிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வேலைக்காகத்தான் மாட்டேன் என்று இருந்தார். இப்போது சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாத முடிவில் கிளம்புகிறோம். மகளுக்கு அங்கே பள்ளியும் பார்த்தாகிவிட்டது. மும்பையை விட்டுப் போவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ ஜெயித்தால் போதும்.

உன்னிடம் முன்னாலேயே கேட்டால் வேண்டாம் என்பாய், சண்டை போடுவாய். அதனால்தான் முடித்துவிட்டு எழுதுகிறேன். முதலில் பதிவு செய். அப்புறம் திட்டு.

உன் தங்கச்சி,
லதா

---

தாராவி
8 செப்டம்பர் 2025

அன்புள்ள லதா,

ஆபீஸ் முகவரி போட்டு எழுதவில்லையே என்று பார்க்கிறாயா? ஆபீஸ் இல்லை. சனிக்கிழமை போர்டை இறக்கிவிட்டேன். அப்பா பெயர் எழுதிய போர்டை அம்மா கண்ணில் படாமல் பரணில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கம்பெனியின் டீலர் பட்டியலிலிருந்து நயினார் சிஸ்டம்ஸை எடுத்துவிடச் சொல்லி மெயில் அனுப்பினேன். எடுத்துவிட்டோம் என்று பதிலும் வந்துவிட்டது. நான் எழுதிய புகாரையும் திரும்ப வாங்கிக்கொண்டேன், தவறு என்மேல்தான் என்று எழுதி. இனி உன் பிரமோஷனுக்கு எவனும் குறுக்கே நிற்க முடியாது. நீ யாருக்கு வேண்டுமானாலும் விலை போடு. அந்த வரிசையில் உன் அண்ணன் இல்லை.

நாளையிலிருந்து வாஷிக்காரனிடம் சம்பளத்துக்குப் போகிறேன். சவம், அந்தச் சிரிப்பைத் தினமும் பார்க்க வேண்டும். பரவாயில்லை. வீட்டுக்குச் சாப்பாடு நடக்கும், உன் வேலையும் நிலைக்கும். முன்னாலேயே சொன்னால் நீ அழுவாய், தடுப்பாய். அதனால்தான் முடித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் மேஜையை விட்டு எங்கும் போய்விடாதே. நம் குடும்பத்தில் அப்படி ஒரு ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் நீ ஒருத்திதான். எவ்வளவு கோபத்திலும் ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

அண்ணன்

---

தாராவி
26 அக்டோபர் 2025

லதாவுக்கு,

கல்பாக்கத்தில் வீடு வசதியாக இருக்கிறதா? மாப்பிள்ளைக்கு வேலை பிடித்துவிட்டதா?

குர்லா டெர்மினஸில் உங்களை ரயிலேற்றிய அன்று நாம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் போதுமா, மேல் பெர்த்தில் பிள்ளை விழுந்துவிடாதா, சோலாப்பூரில் சாப்பாடு வாங்காதே. இதைத்தான் பேசினோம். பேச வேண்டியதெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். ரயில் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். போலீஸ்காரன் ஒருத்தன், "க்யா ஹுவா சாசா, காடி சூட் கயீ க்யா?" என்று, ரயிலைத் தவறவிட்டுவிட்டேனா என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உன் பழைய மேனேஜரிடம் போய்க் கேட்டேன். உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று. வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். அந்த இடத்தில் வேறு ஆள் போட்டாகிவிட்டதாம். "ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா சார்" என்றார்.

மாவட்ட ஆஸ்பத்திரி டென்டருக்கு நான்தான் விலை ஒப்பிட்டேன், வாஷிக்காரனுக்காக. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவன் பெயரில் பதிந்தேன். அன்று சாயங்காலம்தான் உன் கடிதம் வந்தது. இன்றைக்கே பதிந்துவிடு என்று எழுதியிருந்தாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு உன் மதினி பானு முன்னால் அழுதேன். அவள் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டாள். அவளுக்கும் தமிழ் படிக்க வராதே, நானே வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பாதிக்கு மேல் முடியவில்லை.

அப்புறம் உங்கள் கம்பெனியிலிருந்து விலைக் கடிதம் வந்தது. கீழே யாரோ ஒருவர் பெயர். யார் என்றே எனக்குத் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே, இது அதிகம், குறையுங்கள் என்று போன் போட்டேன். மற்ற இரண்டு கம்பெனி விலையையும் சொல்லிச் சண்டை பிடித்தேன். இரண்டாவது தடவை குறைத்தார்கள். மூன்றாவது தடவையும் குறைத்தார்கள். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. வேற்று ஆள் என்றால் எவ்வளவு லேசாகக் கேட்க வருகிறது பார். வாஷிக்காரனுக்கு வேலை கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் பேடா கொடுத்தான். நான் என் பங்கை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்படிக் கேட்டிருந்தால் இதெல்லாம் இல்லை. நீ என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தாலும் இல்லை. பாசத்தில் வாயைக் கட்டிக்கொண்டோம். செப்டம்பரிலும் அதையேதான் செய்தோம், ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர். புத்தி வரவே இல்லை நமக்கு.

இன்னொரு விஷயம். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முட்டிவலியால் அவள் ஸ்டேஷனுக்கு வரவில்லை அல்லவா, நீ மாப்பிள்ளை ஊருக்கு லீவில் போயிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. "தீபாவளி லீவு முடிஞ்சிருக்குமே, இன்னிக்கு வந்துருவா" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் வால்துண்டைத் தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். ஆபீஸ் கணக்கு என்றேன். பார், மறுபடியும்.

உன் நம்பருக்குப் போட்டிருந்த பிளாக்கை இன்றுதான் எடுத்தேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் போடு. எனக்குச் சொல்ல வாய் வராது, நீதான் அம்மாவிடம் சொல்ல வேண்டும், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியாது என்று. நான் போனை அவள் காதில் பிடித்துக்கொள்கிறேன்.

அண்ணன்